இடது பக்கம் ஓர் அடுப்பங்கரை

போன வியாழக்கிழமை ராசிபுரம் பைபாஸில் நான் ஒரு லாரிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டு வயது. பட்டுப் புடவை. தலையில் கல்யாண வீட்டு மல்லிகைப்பூ. டீ குடிக்கத்தான் காரை நிறுத்தினோம். பத்தடி தள்ளி அந்த லாரி நின்றது. டீயை அப்படியே வைத்துவிட்டு நான் லாரியைச் சுற்ற ஆரம்பித்ததும், என் கணவர் யாரோ எவரோ மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்தைந்து வருட தாம்பத்தியத்தில் அவர் கற்றுக்கொண்ட தற்காப்புக் கலை அது!

லாரியின் இடது பக்கம், சக்கரங்களுக்கு நடுவே ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் அடுப்பு. டிரைவர் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

“ஏனுங்க்கா... ஏதாச்சும் உழுந்துருச்சுங்களா?”

“இல்லைங்க. சும்மா... அடுப்பைப் பார்க்கிறேன்.”

அடுத்தவர் அடுப்பை எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லைதான். ஆனால் எனக்கும் அந்த அடுப்புக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சொல்கிறேன்.

என் மகள் நிவேதா மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அவள் கல்லூரியில் ஒரு ஏற்பாடு. ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் கம்பெனியில் வேலை. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டு சர்ட்டிபிகேட் வாங்கி வருகிற கதை இல்லை. சம்பளம் உண்டு. நேரத்துக்குப் போகவேண்டும். லீவு போட்டால் பிடித்தம். கம்பெனி தருகிற மதிப்பெண் டிகிரியில் சேரும். பாதியில் விட்டால் அந்த ஆறு மாதமும் போச்சு.

இதே பத்திரிகையில், இதே பத்தியில் முன்பு இந்தத் திட்டத்தை நான் காய்ச்சி எடுத்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ‘பீஸ் கட்டுவது நாங்கள், வேலை வாங்குவது அவர்களா?’ என்றெல்லாம் எழுதினேன். ‘சபாஷ்’ என்று கடிதம் போட்ட வாசகர்களே... மன்னிக்கவேண்டும். இன்றைக்கு வாபஸ் வாங்குகிறேன்.

ஏதாவது ஏ.சி. ஆபீஸில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்திருந்தோம். கிடைத்தது நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை!

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய லாரிகள் பல, கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாகத்தான் வரும். எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங். அவ்வளவுதான். கூரை இல்லை, கதவு இல்லை. டிரைவர் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஓட்டி வருவார். அதற்கு கேபினும் பாரம் ஏற்றுகிற பாடியும் கட்டி, பெயின்ட் அடித்து, லாரி என்று சொல்ல வைப்பது எங்கள் நாமக்கல். இந்தப் பக்கத்துக்காரி என்பதால் சொல்லவில்லை. சரி, அதனாலும்தான் சொல்கிறேன்.

செய்தி கேட்டு என் நாத்தனார் போன் போட்டார். “பொட்டப் புள்ளய லாரிப் பட்டறைக்கா அனுப்பற? ஏற்கெனவே அதுக்குச் சோறாக்கத் தெரியாது. இனி வெல்டிங் வேற கத்துக்கிட்டு வரப்போவுது!”

சோறாக்கத் தெரியாது என்பது உண்மை. அதற்குக் காரணம் நான். “நீ படி. தட்டு வரும்” என்று சொல்லியே வளர்த்தேன். தட்டு வந்தது. அவளும் படித்தாள்.

எங்கள் வீடு இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து விடியற்காலை பஸ், மாறி இன்னொரு பஸ். சட்டையில் பெயின்ட், நகத்தில் கிரீஸ். முதல் சம்பளத்தில் பரீட்சைக் கட்டணத்தை அவளே கட்டிவிட்டாள். அப்பாவிடம் கேட்கவே இல்லை. அன்று முழுவதும் மனிதர் எதையோ தொலைத்தவர் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். பெருமையா, வருத்தமா? இரண்டும்தான்.

மூன்றாவது மாதம் வந்தது சோதனை.

பட்டறைக்காரர் பெயர் நல்லசிவம். அவர் பட்டறையில் பாடிக்கான அளவுகள் பாதி தரையில் சாக்பீஸ் கோடாகவும், மீதி மேஸ்திரியின் தலைக்குள்ளும் இருந்தன. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒழுங்கான வரைபடமாக மாற்றுவதுதான் நிவேதாவின் வேலை. அப்படி ஒரு லாரிக்கு அளவெடுக்கும்போது, தரைக்கோட்டில் பெயரே இல்லாமல் ஒரு கட்டம் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். டூல்ஸ் பெட்டி தனியாக இருக்கிறது. பேட்டரி தனியாக இருக்கிறது. இது எதற்கு? வீண் எடை என்று எடுத்துவிட்டாள். எத்தனை கிலோ மிச்சம் என்று கணக்குப் போட்டு ரிப்போர்ட்டிலும் எழுதிவிட்டாள்.

நல்லசிவம் மரம் வாங்க வெளியூர் போயிருந்த நேரம். மேஸ்திரி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன்? “காலேஜ் புள்ள கம்ப்யூட்டர்ல போட்டது, தப்பா இருக்குமுங்களா?” இந்தத் தப்பை எங்கள் ஊரில்தான் செய்வார்கள். நாற்பது வருட அனுபவம், ஒரு பிரின்ட் எடுத்த காகிதத்துக்கு முன்னால் கைகட்டி நின்றுவிட்டது.

லாரி எடுக்கிற நாள். நல்ல முகூர்த்தம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஓட்டப்போகிற டிரைவர் பழனியப்பன் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார். பெயின்டைத் தடவிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். மறுபடியும் குனிந்து குனிந்து எதையோ தேடினார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. சோத்த எங்க ஆக்கறது?”

நிவேதாவுக்குப் புரியவில்லை. “ஓட்டல்ல சாப்பிட மாட்டீங்களாண்ணா?” என்று கேட்டிருக்கிறாள்.

பட்டறையே சிரித்தது. பழனியப்பன் சிரிக்கவில்லை. “இருவது நாளு, முப்பது நாளு வடக்க சுத்தறமுங்க. போற எடத்துல நம்ம சோறு கெடைக்குமுங்களா? நம்ம கையால ஒரு ரசஞ்சோறு திங்கலீன்னா வண்டி ஓட்டத் தெம்பு ஏது சாமி?”

அவள் ‘வீண்’ என்று எடுத்தெறிந்தது அவருடைய சமையலறையை.

முகூர்த்தம் தள்ளிப்போனது. எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டார்கள். நல்லசிவம் கத்தவில்லை. “பேப்பர்ல போட்டது நீயி. மறுக்காவும் நீதான் போடோணும். ரண்டு நாள் டைம்” என்றாராம். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றாள் நிவேதா.

அன்று சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள். “நாளைலேர்ந்து போகலம்மா. ஆறு மாசம் போனா போகட்டும்.”

நான் காத்திருந்த வாக்கியம்! ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் வேலையை விட்டே நின்றிருப்பாள். ஆறு மாதம் மட்டுமல்ல, இனி எங்கே தப்பு செய்தாலும் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம் என்று கற்றுக்கொண்டிருப்பாள். எது தடுத்ததோ... “சாப்பிடறியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நிழல். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் தாளிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வயதில் முதல் முறையாக!

“அம்மா... நீ உப்பு எடுக்க எவ்வளவு தூரம் கைய நீட்டறே?”

“யாருடி இதையெல்லாம் அளந்து பார்த்தா?”

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். அடுப்பிலிருந்து உப்பு ஜாடி, ஜாடியிலிருந்து தண்ணீர், காய் நறுக்க எவ்வளவு பலகை, குக்கர் வைக்க எவ்வளவு உயரம்... இத்தனை வருடம் சமைக்கிறேன், என்னையும் ஒருவர் அளந்து எழுதிக்கொள்வார் என்று நான் நினைத்ததே இல்லை. டேப்பின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ரசம் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பட்டறையில் வண்டிக்காகக் காத்திருக்கிற டிரைவர்களை ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறாள். பெட்டி வலது பக்கம் இருந்தால் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சமைக்கவேண்டும், போகிற வண்டியெல்லாம் முதுகை உரசுகிற மாதிரி இருக்கும் என்றார் ஒருவர். காற்றில் அடுப்பு நிற்காது என்றார் இன்னொருவர். அந்த வண்டியில் டீசல் டேங்க்கும் வலது பக்கம்தான். ஆக, பெட்டி இடது பக்கம், ரோட்டோரமாகப் போனது. காற்றுக்கு மூன்று பக்கமும் தகடு. கதவு கீழ்நோக்கித் திறக்கும். திறந்தால் அதுவே காய் நறுக்குகிற பலகை. உப்புக்கும் மிளகாய்ப் பொடிக்கும் கை எட்டுகிற தூரத்தில் ஒரு தட்டு. அந்தத் தூரம் மட்டும் என் கை அளவு!

அடுத்த நல்ல நாளில் பழனியப்பன் அந்தப் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடி, பத்து தடவை பார்த்தாராம். “போயிட்டு வாரேன் சாமி” என்று அவளிடம்தான் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நல்லசிவம் இப்போது வருகிற வண்டிக்கெல்லாம் அதே வரைபடத்தைத்தான் மேஸ்திரியிடம் கொடுக்கிறார். மேஸ்திரியும் இப்போது கேள்வி கேட்கிறார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆறு மாதமும் ஜெராக்ஸ் எடுக்கவிட்ட கதைகளும் எனக்கு வருகின்றன. ஆனால் நிவேதாவின் வகுப்புத் தோழி ஒருத்தி, வெண்ணந்தூர்ப் பெண். அப்பா தறி ஓட்டுகிறவர். கோழித் தீவன ஆலையில் வேலை பார்த்த சம்பளத்தில்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு ஹாஸ்டலில் இருக்கிறாள். அது இல்லையென்றால் படிப்பு நின்றிருக்கும் என்று அவளே சொன்னாள். ‘எதற்கு வேலை?’ என்று எழுதிய பத்தியை அன்றைக்கே மனதுக்குள் கிழித்துப்போட்டேன்.

வகுப்பறை என் மகளுக்கு எடையைக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தது. அந்த எடைக்குள் யாருடைய சோறு இருக்கிறது என்று பட்டறையில்தான் தெரிந்துகொண்டாள். அது தெரியாமல் அவளை வளர்த்தது நான்.

பைபாஸுக்குத் திரும்புவோம்.

நான் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. கீழ்நோக்கித் திறக்கிற கதவு. அதன் மேல் பாதி நறுக்கிய வெங்காயம். கை எட்டும் தூரத்தில் உப்பு டப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சமாளித்துக்கொண்டேன்.

டிரைவருக்கு நான் ஏன் உற்றுப் பார்க்கிறேன் என்று புரியவில்லை. ஆனால் நல்ல மனிதர். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார்.

“நல்லாருக்குதுங்களா? நாமக்கல்லுல ஒரு காலேஜ் புள்ள போட்டதுங்க இது. ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்து வெச்சிருக்குது பாருங்க்கா. அந்தப் புள்ள ஊட்டுல எப்புடிச் சமைக்கும்! பெத்தவ குடுத்து வெச்சவளா இருக்கோணும்.”

“ஆமாங்க” என்றேன்.

நிவேதாவுக்கு இன்னும் ரசம் வைக்கத் தெரியாது. தயவுசெய்து அந்த டிரைவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்... என் நாத்தனார் உட்பட!