பனி அடைத்த புகைக்குழாய்

பனிக்காலம் வந்தால் நாகரத்தினத்தின் பயமெல்லாம் ரோட்டைப் பற்றித்தான். தாராபுரத்திலிருந்து கடல் தாண்டிப் பிரிட்ஜ்வாட்டருக்கு வந்து பதினொரு வருஷம். மூன்று தடவை ஃபெயிலாகி கார் லைசென்ஸ் வாங்கி, பக்கத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலைக்குப் போகிறாள். இருந்தும் பனி என்று கேட்டாலே கணவன் நஞ்சுண்டனின் கார் எங்கோ சறுக்குவதாக மனதுக்குள் ஓடும். வீட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றி அவள் பயந்ததே இல்லை. கதவைச் சாத்தி, வீடு முழுக்கச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டால் வீடு பத்திரம் என்றுதான் நினைத்திருந்தாள்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரும்பனி. பள்ளியும் டேகேரும் லீவு. லேபில் தள்ளிப்போட முடியாத வேலை என்று நஞ்சுண்டன் மட்டும் விடிவதற்குள் லேப் இருக்கும் பிஸ்கட்டவேக்குக் கிளம்பிப் போயிருந்தான். அவன் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை அவள் காபிகூடக் குடிக்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் அவளுக்குத் தலை வலித்தது. கவலையால் என்று நினைத்துக்கொண்டாள். மதியம் எட்டு வயது மகள் அதிதி சோபாவில் சுருண்டு படுத்தாள்.

"அம்மா, மை ஹெட் ஹர்ட்ஸ். ஐ வான்ட் டு ஸ்லீப்."

நெற்றி சுடவில்லை. ரசம் சாதம் இரண்டு வாய் ஊட்டியதும் வாந்தி எடுத்தாள். பள்ளியில் சுற்றிக்கொண்டிருக்கும் வயிற்று உபாதையாக இருக்கும் என்று துடைத்துப் படுக்க வைத்தாள். துணியை அலசப் போனபோது அவளுக்கே கால் துவண்டது. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் நஞ்சுண்டன் கூப்பிட்டான்.

"லேப்லதான் இருக்கேன், ரோடு க்ளியர் பண்ணிட்டிருக்காங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

"தலைவலிங்க. அதிதிக்கும் வலிக்குதாம். வாந்தி வேற. தூங்கறா."

"ரெண்டு பேருக்குமா?"

"ஆமாங்க. ஏன்?"

"ரத்தினம், அவளைத் தூக்கிட்டு வெளிய போ. இப்பவே போ."

"இந்தப் பனியிலயா? என்னங்க ஆச்சு?"

"கேஸ் அலாரம் பேட்டரிய நான் கழட்டி வச்சிருக்கேன்."

ஹீட்டர் இருக்கும் பேஸ்மென்ட் கீழறைச் சுவரில் இருந்த அந்த அலாரம் பேட்டரி தீர்ந்துபோய் முந்தின வாரம் முழுக்கக் கீச்சிட்டது. புதிது வாங்கிப் போடலாம் என்று கழற்றியவன் மறந்துவிட்டான். ஹீட்டரிலிருந்து விஷவாயு கசிந்தால் வாசனைகூட வராது; அலாரம் அடிக்காவிட்டால் தலைவலியும் தூக்கமும்தான் அடையாளம்.

அவள் பெண்ணைப் போர்வையோடு தூக்கினாள். கூப்பிட்டும் அதிதி கண் திறக்கவில்லை. வெளிக்கதவைப் பனி முட்டிக்கொண்டிருந்தது. தோளால் இடித்து இடித்து ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தாள். இடுப்பளவுப் பனியில் இரண்டு தடவை விழுந்து எழுந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ரிட்டயரான சந்தானம் திறந்தார்.

"அங்கிள், நைன் ஒன் ஒன் கூப்பிடுங்க. வீட்ல கேஸ். பொண்ணு எந்திரிக்க மாட்டேங்கறா."

அவர் போனில் பேசி முடிப்பதற்குள் குளிர்காற்று பட்ட அதிதி லேசாக முனகினாள். "கோல்ட், அம்மா." நாகரத்தினம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தன. பக்கச் சுவரில் ஹீட்டரின் புகைக்குழாய் வெளியே வரும் இடத்தைக் காற்று பனியைக் குவித்து மூடியிருந்தது. போக வழியில்லாத புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அரை மணி நேரத் தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடந்து வந்த நஞ்சுண்டன் அறை வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாங்க."

"என்னைத் திட்டிரு, ரத்தினம்."

"அப்பறம் திட்டறேன். மொதல்ல அவ பக்கத்துல உக்காருங்க."

நாலாம் நாள்தான் திட்டினாள். திட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த அலாரச் சத்தம் தாங்க முடியவில்லை, எதையாவது பண்ணுங்கள் என்று அவனை விரட்டியது அவள்தான்.

இப்போது வீட்டில் நாலு அலாரம் இருக்கிறது. பனி விழுந்தால் மணிக்கொரு தரம் மண்வாரியோடு போய்க் குழாயைச் சுற்றி வாரிவிட்டு வருகிறாள். ஆனாலும் அதிதி பகலில் கண்ணயர்ந்தால் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. தோளைத் தொட்டு எழுப்பிவிடுகிறாள்.

"வாட், அம்மா?"

"ஒண்ணுமில்ல சாமி. படுத்துக்க."