வயிற்றுக்குக் கொள்ளு, மாருக்கு எள்ளு

யுத்த காலத்தில் வெண்ணந்தூருக்கு நூல் வரத்து நின்றது. தறிகள் சும்மா கிடந்தன. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேரப் போவதாகச் சொன்னார். ஆள் எடுக்கிற இடத்தில் மாரை அளந்துதான் எடுப்பார்களாம். சிறு வயதிலிருந்து தறிக்குழியில் உட்கார்ந்த உடம்பு அவருடையது. மார் பலகை, வயிறு கூழ்ப்பானை.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். இவரோ இரண்டுமாக இருந்தார். அதற்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்.

"வயித்துக்குக் கொள்ளு, மாருக்கு எள்ளு. ரெண்டையும் போடு புள்ள."

தின்றது எங்கே போக வேண்டும் என்று தின்றவன் சொன்னால் கேட்குமா? ஆனாலும் காலையில் கொள்ளுத் தண்ணீரும் சாயங்காலம் எள்ளுருண்டையும் செய்து கொடுத்தேன். களியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

விடிந்ததும் வாசலில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கி அப்படியே நிறுத்துவார். வயிறு நடுங்கும். பிறகு தண்டால். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று, "ஏனக்கா, உங்க ஊட்டுக்காரருக்கு மறுபடியும் கண்ணாலமுங்களா?" என்று சிரிப்பாள். முடித்ததும் நான் தறி நூலை அவர் மாரைச் சுற்றிப் பிடித்து அளந்து, முடிச்சுப் போட வேண்டும்.

"ஏம்புள்ள, ஏறிருக்குதா?"

"ஏறிருக்குதுங்க."

ஏறித்தான் இருந்தது. முடிச்சு நாளுக்கு நாள் தள்ளிப் போனது. போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, போவதற்கான உடம்பை வளர்த்தேன். தறி ஓடாத வீட்டில் போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

சேலத்தில் எடுத்துக்கொண்டார்கள். "போய்ட்டு வாரேன் புள்ள" என்று மாரை நிமிர்த்திக்கொண்டு போனார். பட்டாளத்துச் சோறு எப்படி இருக்குமோ, இளைத்துத்தான் வருவார் என்று, அந்த வருஷத்து எள்ளில் நல்லதாக வாங்கிப் புடைத்துக் கலயத்தில் மூடி வைத்தேன்.

பர்மாவிலிருந்து அவர் வரவில்லை. கடுதாசிதான் வந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த அந்த உடம்பை நான் கண்ணால்கூடக் காணவில்லை. எடுக்கப் பிணம் இல்லாவிட்டாலும் கருமாதி செய்தாக வேண்டும் என்றார்கள். ஏரிக்கரைக்குக் கிளம்பிய கொழுந்தனார் வாசலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"அண்ணி, ஊட்டுல எள்ளு இருக்குதுங்களா? தண்ணியோட எறைக்கோணும்."

உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் வந்ததும் உருண்டை பிடிக்க வைத்திருந்த எள்ளைக் கலயத்தோடு எடுத்துக் கொடுத்தேன்.