பாத்திமுத்து தந்த மலைத்தேன்

ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்தே தப்பி வந்தவர்களில் என் கணவரும் ஒருவர். தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய இரண்டு பாதங்களிலும் ஒரே புண். எந்தக் களிம்புக்கும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துவின் கணவரும் ரங்கூனில்தான் இருந்தார். அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் அவள் குற்றாலத்து மலைத்தேன் பாட்டிலோடு வந்தாள்.

"புண்ணக் கழுவிட்டு இதத் தடவுங்கக்கா, ஆறிரும்."

"இத உன் வீட்டுக்காரருக்குன்னுல்லா வச்சிருந்தே?" என்றேன்.

"அவுகளும் நடந்துதானக்கா வந்துக்கிட்டிருப்பாக. வழியில அவுக புண்ணுக்கு யாராச்சும் தேன் தடவ மாட்டாகளா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தினமும் தேன் தடவித் துணி சுற்றினேன். துணி புண்ணில் ஒட்டவில்லை, நாற்றம் நின்றது, மெல்லப் புதுத் தோல் வந்தது. நடக்க முடிந்த அன்று என் கணவர் முதலில் போனது பாத்திமுத்து வீட்டுக்குத்தான்.

அவள் கணவர் வரவே இல்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் ஓடிவந்து கதவைத் திறப்பாள். அதனால் அவள் வீட்டைத் தாண்டும்போது என் கணவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.