உம்மா உட்கார்ந்த சஹன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூன் லத்தா பேட்டையில் எங்கள் மாடிவீட்டில் எனக்கு நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளை எங்கள் தெருவிலேயே துணிக்கடை வைத்திருந்தவர். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தது, மறைப்பானேன்?

அவருடைய தாயார் ஊரிலிருந்து கப்பலில் வந்திருந்தார். என் உம்மாவோ பர்மாக்காரி. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவிலிருந்து படகேறி வந்து வாப்பா வீட்டில் பாத்திரம் கழுவியவள். வாப்பா அவளைக் கலிமா சொல்லவைத்து, இஸ்லாத்துக்குக் கொண்டுவந்து, ஊரறிய நிக்காஹ் செய்தார். இருபது வருஷம் நோன்பு பிடித்தும் எங்கள் சனத்துக்கு அவள் டாலாக்காரிதான்.

சாப்பாட்டுக்கு முன் பெண்கள் நபியைப் புகழும் மௌலூது ஓதினார்கள். நான் அறைக்கதவு இடுக்கில் நின்று கேட்டேன். ஓதவந்த மாமி கிதாபில் படித்த ஒரு கதை சொன்னார். அடிமைப்பெண் வயிற்றில் பிறந்தவன் ஆளக்கூடாது என்பது அந்தக் காலத்து அரபிப் பெரியவர்களின் பேச்சாம். அப்படியும் ஒரு அடிமைத்தாயின் மகன் கலீபாவானாராம். போரில் பிடிபட்டு வந்தவளாம் அந்தத் தாய். பெயரைக்கூட ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்களாம். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் பிரியம் பொங்கிவிட்டது.

பிறகு சோறு வந்தது. எங்களில் நாலு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். உம்மா கடைசிச் சஹனில் உட்கார்ந்தாள். அந்தத் தாயார் அவளைப் பார்த்துவிட்டு, வேறொரு சஹனில் ஐந்தாவது ஆளாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் அப்படியே ஒதுங்கினார்கள். செத்துப்போன அடிமைக்குக் கண்ணீர், உயிரோடிருப்பவளுக்கு முதுகு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணப் பெண் அறையைவிட்டு வரக்கூடாது. வந்தேன். உம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சோற்றில் கைவைத்தேன்.

"உள்ள போ புள்ள. மாமியாரு பாக்குது," என்றாள் உம்மா.

"பாக்கட்டும். நீங்க சாப்பிடுங்க, அமே." தனியாக இருக்கும்போது மட்டும் நான் அவளை அம்மா என்று கூப்பிடும் பர்மியச் சொல் அது.

நாலு பேர் சோற்றை நாங்கள் இரண்டு பேரும் தின்று முடித்தோம்.

மறுநாளே சம்பந்தம் வேண்டாமென்று ஆள் வந்தது. மூன்று நாள் அழுதேன். உம்மா என்னைவிட அதிகம் அழுதாள்.

அடுத்த மௌலூதுக்கு அந்த ஓதுகிற மாமி வந்தபோது மடக்கிக் கேட்டேன்: "கலீபா ஆன பிறகு பெத்தவள எங்க உக்கார வச்சாரு, மாமி?"

மாமி வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"அது கிதாபுல இல்லையே, புள்ள."