மைக்கில் வந்த வீரனார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷம் தள்ளிப்போட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன். மானம் போய்விடுமே என்ற பயம். போன வாரம் சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஒரு பாட்டு வைத்தார். முதலில் புலி உறுமுகிற மாதிரி ஒரு குரல். பின்னாலேயே, "தப்புதான் சாமி, மன்னிச்சிடு" என்று ஓர் அழுகை. அந்தப் பாட்டில் அழுதது நான். "இந்த எடம்தான் சார் செம!" என்றார் அவர். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் தம்பி அப்போது செம்மண்டலத்து வீட்டில் எங்களோடு இருந்தான். பின்னால் ஷெட்டில் அவனும் கூட்டாளிகளும் பாட்டுக்குழு வைத்திருந்தார்கள். அவர்கள் பாடுகிற வகைக்குப் பெயர் பிளாக் மெட்டல் என்றான். எனக்கு ரோட்டில் கொட்டுகிற ஜல்லிதான் ஞாபகம் வந்தது. "அதில்லண்ணா. வெளிநாட்டுல அவுங்கவுங்க முப்பாட்டன் சாமியப் பாடறாங்க. நான் நம்ம வீரனாரப் பாடறேன்."

"அதுக்குத் தேவாரம் ரெண்டு கத்துக்கலாம்" என்றேன். புத்தி சொல்வதில் நான் என்றைக்கும் சளைத்ததில்லை.

வீரனார் எங்கள் குலதெய்வம். கம்மாபுரம் பக்கம் வேப்பமரத்தடியில் முறுக்கு மீசையும் அரிவாளுமாக நிற்பார். ஆடியில் குடும்பத்துக்காக நான்தான் போய்ப் படையல் போட வேண்டும். எனக்கோ அந்த வெயிலும் சாராய வாசனையும் ஆகாது. மூன்று வருஷம் சிதம்பரத்திலேயே இறங்கி, நடராஜரைக் கும்பிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, அந்தத் திருநீற்றையே வீரனார் திருநீறு என்று வீட்டில் கொடுத்துவிட்டேன். பெரிய சாமியைப் பார்த்தால் சின்ன சாமிக்கும் சேராதா என்று ஒரு சமாதானம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூஜையில் இருக்கிறேன், ஷெட்டிலிருந்து உறுமல். ஓடிப்போய்ப் பார்த்தால் தம்பி தனியாக நிற்கிறான். முகமெல்லாம் திருநீறு, கண்ணைச் சுற்றி மை. கண் மூடியிருக்கிறது. காதில் ஹெட்போன், அதில்தான் மேளமும் கிதாரும் ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சாமி வந்தால் கேட்கிற முறைப்படி கற்பூரத்தைக் காட்டி, "வந்திருக்கறது யாரு?" என்றேன்.

"வீரன்டா!" என்றது. "மறந்துட்டியாடா என்னைய?"

சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டேன். மூன்று வருஷத்துப் பொய்யையும், ஓட்டலில் தின்ற வடை வரைக்கும், ஒன்று விடாமல் சொல்லி அழுதேன்.

உறுமல் நின்றது. "அண்ணா, பாட்டு ரெக்கார்டிங் ஓடுது, மைக் ஆன்ல இருக்கு."

திரும்பினால் என் வீட்டுக்காரி. "அப்ப மூணு வருஷமா எனக்குப் பூசிவுட்டது எந்தக் கோயில் துண்ணூறு?"

தம்பி கன்னத்தைத் தடவிப் பார்த்தான். "என் மூஞ்சில இருக்கறதும் அதானா? வீரனார்துன்னு நம்பித்தான பூசினேன்!"

அவன் அப்படிக் கேட்டது, சாமி கேட்டதைவிடச் சுட்டது. அந்த அழுகையை அழித்துவிடு என்று கெஞ்சினேன். "இந்தப் பாட்டுல நெசமா வந்தது அது ஒண்ணுதாண்ணா" என்றான்.

அந்த வாரமே மூன்று பேரும் கம்மாபுரம் போனோம். படையல் முன்னால் தம்பி மைக் இல்லாமல் உறுமினான். "நல்ல கொரலு" என்றார் பூசாரி.

குழு கலைந்துவிட்டது. தம்பி வெளியூர்க் கம்பெனியில் யார் காதிலும் விழாதபடி மெதுவாகப் பேசுகிற வேலையில் இருக்கிறான். ஷெட்டில் என் ஸ்கூட்டர் நிற்கிறது. ஆடி தவறாமல் நான் போகிறேன். படையல் முன்னால் ஒரே நிசப்தம். போன வருஷம் நானே ஒருமுறை உறுமிப் பார்த்தேன். இருமல்தான் வந்தது. பூசாரி தண்ணீர் கொடுத்தார்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளபடியே. நான் சாமி ஆடினேன் என்று கூட்ட வேண்டாம். அன்றைக்கு வந்தது தம்பிதானே, வீரனார் இல்லையே என்று குறைக்கவும் வேண்டாம்.