கிழித்தது யார்

“தெனம் நோட்ல எழுதி அனுப்பணுமாமே. ஒங்க ஊட்ல யாரு எழுதுவா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக அரசுப் பள்ளியில் தொடங்கிய தனி வகுப்பில் என் தம்பியைச் சேர்த்த வாரம் அது. நான் எழுதுவேன் என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

காலையில் பிள்ளை எப்படி இருந்தான், என்ன சாப்பிட்டான் என்று வீட்டிலிருந்து எழுத வேண்டும். டீச்சர் அதன் கீழே பதில் எழுதுவார். பூந்தமல்லிப் பக்கம் எனக்கு வேலை. கம்பெனி வேன் எங்கள் மண்ணூர்பேட்டைக்கு ஆறு மணிக்கே வந்துவிடும். தம்பி எழ ஏழாகும். அதனால் அவன் எழுமுன்பே, ‘நன்றாக இருந்தான். இட்லி சாப்பிட்டான்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போவேன். டீச்சர் ஒரு டிக் போடுவார்.

புதன்கிழமைகளில் அந்த வகுப்பில் அம்மாக்களும் உட்கார வேண்டும். தம்பிக்குக் காட்டும் அட்டைகளில் படத்தின் கீழே இருந்த சொற்களை, அங்கே அம்மாவும் படிக்கவும் பார்த்து எழுதவும் தொடங்கியிருக்கிறாள். எழுத்து சொல்லித்தர நான் எத்தனை முறை கூப்பிட்டும், வேலை கிடக்கிறது என்று எழுந்து போனவள்.

ஒரு மாலை நோட்டைத் திறந்தேன். என் வரிகளுக்குக் கீழே கோணல்மாணலாக, ‘இட்லி தின்னல. குக்கர் சத்தம். அழுதான்.’ அதற்கு டீச்சர், ‘நன்றி அம்மா. வந்ததும் வாழைப்பழம் கொடுத்தோம், சாப்பிட்டான்’ என்று எழுதியிருந்தார்.

எட்டு மாதம் எழுதியவளுக்கு டிக். ஐந்து சொல் எழுதியவளுக்கு நன்றி. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள், பக்கம் கிழிந்திருந்ததைப் பார்த்து டீச்சர் எழுதி அனுப்பியதை, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக எனக்குப் படித்துக் காட்டியவள் அம்மாதான். ‘காகிதம் கிழிக்கிறான். புதிய பழக்கம். கவனிக்கவும்.’

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டில் மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பேச்சு வராத அவனால் ‘நான் இல்லை’ என்று சொல்ல முடியாது.

“அவன் நோட்டத் தொடமாட்டான்டி. அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்” என்றாள் அம்மா. நோட்டை என் பக்கம் தள்ளி, “நீ எழுதறியா, நான் எழுதட்டா?”

அவள் எழுதி டீச்சர் மறுபடி நன்றி சொல்வதை என்னால் பார்க்க முடியாது. இன்று காலை, ‘பக்கத்தைக் கிழித்தது அவன் இல்லை. அக்காவாகிய நான்’ என்று எழுதினேன். காலைக் குறிப்புக்கான வரிகளை அம்மாவுக்கு வெறுமையாக விட்டு, நோட்டைத் தம்பியின் பையில் வைத்துவிட்டு வேனுக்குப் போனேன்.