கல்லிலிருந்து கல்வரை

புள்ளி என்றால் என்னவென்று நான் ஆறாம் ஆண்டில் படித்தேன். படித்த அதே மாதத்தில் பெரியம்மாவின் கிணறு எங்களுடையதாயிற்று. அந்தக் காரியம் நடந்தபோது தங்கூசி என்கிற நைலோன் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, வாவிக் கரையில் இருக்கிறது. வாவி என்று புத்தகத்தில்தான் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறு. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குப் போகும். ஆண்கள் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். அம்மாவின் தகப்பனார் தன்னிடமிருந்த ஒரே வளவை வீதியிலிருந்து ஆற்றங்கரைவரை நெடுக்காகப் பிரித்து, மூத்த மகளுக்கு ஒரு பாதியும் இளைய மகளுக்கு ஒரு பாதியும் சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தார். மூத்தவர் பெரியம்மா. இளையவர் அம்மா. நடுவில் தென்னமட்டை வேலி ஒன்று இருந்தது. அதில் ஆள் நுழையுமளவுக்கு இரண்டு இடத்தில் பொத்தல். ஒன்று அம்மாவும் பெரியம்மாவும் புழங்கியது, மற்றது நானும் கோழிகளும் புழங்கியது. கிணறு பெரியம்மாவின் பக்கத்தில், வேலியோரமாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணீர்.

பெரியப்பா அதற்கு முந்தைய வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டார். பெரியம்மாவும் அவருடைய ஒரே மகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். அந்த அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. கிணற்றடிக்கு அப்பால் இருந்த வெறுங்காணியில் அவளுக்கு இரண்டு அறையோடு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதென்று பெரியம்மா மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வீடில்லாத பெண்ணை யாரும் கலியாணம் கேட்பதில்லை.

அப்பா கரடியனாற்றுப் பக்கத்து வயல்காரக் குடும்பத்தவர். அவருடைய பெயரில் எங்கள் ஊரில் ஒரு சாண் நிலமும் கிடையாது. யாராவது வேடிக்கையாக, "உங்கட வளவு" என்று சொன்னால், "என்ட வளவோ, பொண்டாட்டிட வளவு" என்று அவரும் வேடிக்கையாகத்தான் சொல்வார். அந்த வருடம் அவர் உழவு இயந்திரம் ஒன்று வாங்கினார். அதை இழுவைப் பெட்டியோடு பின்வளவுக்குக் கொண்டுபோனால் திருப்ப இடம் காணாது. வேலியை இடித்துக்கொண்டு திரும்பும். இரண்டு தரம் மட்டை முறிந்தது. மூன்றாம் தரம் முறிந்தபோது, வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டினால் என்ன என்று அப்பா யோசிக்கத் தொடங்கினார்.

எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் புதிதாக நியமனம் பெற்று வந்த ஒரு டீச்சர். அவர் கரும்பலகையில் வெண்கட்டியால் ஒரு பொட்டு வைத்து, இது புள்ளியா என்று கேட்டார். ஓம் என்றோம். இல்லை என்றார். புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை, தடிப்பில்லை. அது ஓர் இடம், அவ்வளவுதான். பலகையில் இருப்பது அந்த இடத்துக்கு நாம் வைத்த அடையாளம். அன்று வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் மணலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மணல்கூடப் புள்ளியாக இருக்குமளவுக்குச் சிறியதாக இல்லை.

மறுநாள் டீச்சர் எங்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு தடியை நட்டு, நூலைக் கட்டி இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இன்னொரு நூலைக் கொடுத்து, அதே இரண்டு தடிக்கும் நடுவே வேறொரு நேர்கோடு போடுங்கள் பார்ப்போம் என்றார். நாங்கள் எப்படி இழுத்தாலும் இரண்டாவது நூல் முதல் நூலின் மேலேயே போய்ப் படுத்தது. இரண்டு புள்ளிகளுக்கூடாக ஒரேயொரு நேர்கோடுதான் போகும் என்று அப்போது சொன்னார். பிறகு தளம். காற்றில்லாத காலையில் ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா, அதுபோல மட்டமானது, ஆனால் ஆற்றுக்குக் கரை உண்டு, தளத்துக்குக் கரையில்லை. ஒரு கோடு விழுந்தால் தளம் இரண்டாகிவிடும், இந்தப் பக்கம் என்றும் அந்தப் பக்கம் என்றும்.

எனக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துவிட்டது. சமயத்திலும் சரித்திரத்திலும் பெரியவர்கள் சொல்வதை நம்ப வேண்டியிருந்தது. இதை நானே நூல் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

பின்னேரம் குசினியில் அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன். அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் படிப்பைப் பற்றி ஒருநாளும் கேட்காதவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"திருப்பிச் சொல்லு மகள்."

சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்து, காணி உறுதிப் பத்திரத்திலும் அப்படித்தானே கிடக்கிறது என்றார். காணியின் அளவைப்படம் பழைய வெள்ளமொன்றில் நனைந்து கூழாகிப்போயிருந்தது. உறுதியில் எல்லையைப் பற்றி இருந்தது ஒரே வரி. வீதிக்கல்லிலிருந்து ஆற்றங்கரைக் கல்வரை நேர். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "வேலி நல்லாத்தானே இருக்கு" என்றார். அப்பா கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை பெரியம்மாவும் அக்காவும் சித்தாண்டி முருகன் கோயிலுக்குப் போனார்கள். கலியாணம் நல்லபடி நடக்கவேண்டுமென்று அக்காவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. நான் ரியூசன் முடிந்து வர மத்தியானமாகிவிட்டது. அப்பா ஆற்றங்கரை ஓரத்தில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் குழி தோண்டுகிற அலவாங்கு. உடம்பெல்லாம் வேர்வை.

"தென்னம்பிள்ளை நடுறன் மகள். ஒரு வாளி தண்ணி எடுத்துக்கொண்டு வா."

பெரியம்மாவின் கிணற்றிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனேன். பூவரச மரத்துக்குக் கிட்டத் தோண்டியிருந்த குழியில் கன்று ஏற்கனவே நின்றது. ஊற்றினேன். அப்பா என்னை அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டுத் தள்ளி, பற்றை வெட்டித் துப்புரவாக்கியிருந்த ஓரிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மண்ணிலிருந்து ஒரு கல்லின் தலை தெரிந்தது. அதன் மேல் குறுக்காக இரண்டு வெட்டு. எனக்கு அந்தக் கல்லை முன்னர் தெரியாது. அந்த மூலையில் வேலி உக்கிப்போய் வெகுகாலம். கண்டல் பற்றையும் பாம்பும் என்று அங்கே யாரும் போவதில்லை.

"இஞ்ச பார். இதுதான் எல்லைக்கல்லு. உன்ட டீச்சர் சொன்ன புள்ளி."

நான் குந்தியிருந்து, அந்த இரண்டு வெட்டும் சந்திக்கிற இடத்தில் விரலை வைத்தேன். டீச்சர் பலகையில் வைத்ததைவிட இது நல்ல புள்ளி என்று நினைத்தேன். கல்லைச் சுற்றி மண் ஈரமாக, இளகலாக இருந்தது. பற்றையை வேரோடு பிடுங்கியதால் அப்படி என்று எண்ணிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாக எண்ணிக்கொண்டதுதான்.

மறுகிழமை ஞாயிறு காலை அப்பா கிராம சேவகரைக் கூட்டிவந்தார். எல்லாரையும் வீதிக்கல்லடிக்குக் கூப்பிட்டார். பெரியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அக்கா. அம்மா எங்கள் வாசலிலேயே நின்றார், இறங்கி வரவில்லை. அப்பா என் கையில் நூல் பந்தைத் தந்து, நீயே சொல்லு மகள் என்றார். நான் பள்ளிக்கூடத்து விழாவில் பேசுகிறமாதிரி கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு புள்ளிகளுக்கூடாக ஒரேயொரு நேர்கோடுதான் போகும் என்று சொன்னேன். கிராம சேவகர் சிரித்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்றார்.

நான் வீதிக்கல்லில் ஒரு முனையைப் பிடித்தேன். அப்பா நூலை விட்டுக்கொண்டே ஆற்றங்கரைவரை போய்க் கல்லில் இழுத்துக் கட்டினார். நூல் விறைத்து நின்றது. வேலியை அது தொடங்குகிற இடத்திலேயே விட்டுப் பிரிந்து, போகப் போகப் பெரியம்மாவின் பக்கமாக விலகி, கிணற்றுக்கு அப்பால் போய், அக்காவின் வீட்டுக்கென்று விட்டிருந்த வெறுங்காணியைச் சரிந்து வெட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போயிற்று.

பெரியம்மா நூல் போன வழியே ஆற்றங்கரைவரை பார்த்தார். பிறகு சொன்னார்.

"கல்லு பூவரசுக்குக் கிட்ட எண்டுதான் எனக்கு நினைப்பு."

"நினைப்பில காணி பிரிக்க ஏலா மச்சாள்," என்றார் அப்பா.

அக்கா என்னிடம் வந்தாள். அவளுடைய பழைய கொம்பாஸ் பெட்டியைத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். மெதுவாகக் கேட்டாள்.

"கோடு சரிதான் புள்ள. கல்லுச் சரியா?"

"கல்லு அங்கதானே இருக்கு அக்கா," என்றேன். கேள்வியே எனக்குப் புரியவில்லை. புள்ளியை யாரும் சரியா என்று கேட்பதில்லை.

பெரியம்மா அப்பாவையும் கேட்கவில்லை, கிராம சேவகரையும் கேட்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"நீ சொல்லு புள்ள. அந்தக் கல்லு அதிலதான் இருந்ததா?"

"ஓம் பெரியம்மா. நான் கண்ட நான். தொட்டும் பார்த்த நான்."

பெரியம்மா நிமிர்ந்து எங்கள் வாசலைப் பார்த்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கச்சி ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அம்மா உள்ளே போய்விட்டார்.

"புள்ள பொய் சொல்லாது," என்று கிராம சேவகரிடம் சொல்லிவிட்டுப் பெரியம்மாவும் தன் வீட்டுக்குள் போனார். அதோடு முடிந்தது. அளவையாளர் வரவில்லை, இணக்க சபைக்கும் யாரும் போகவில்லை. இரண்டு கிழமையில் மதில் எழும்பியது. தண்ணீர் வேண்டுமென்றால் வந்து கேட்டு எடுக்கலாம் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அவர்கள் வரவில்லை. அக்கா வீதிக் குழாயிலிருந்து இரண்டு கையிலும் வாளி சுமந்தாள். வீடு கட்ட இருந்த இடம் ஒரு முக்கோணமாகக் குறைந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் ஒருநாள் வந்து பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பிறகு வரவில்லை. அடுத்த வருடம் அக்கா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். ஏழு வருடம் கழித்து வந்தபோது பெரியம்மா இல்லை, வீடும் கடனுக்கு விலைப்பட்டிருந்தது.

அந்தத் தென்னம்பிள்ளைக்கு இரண்டு வருடம் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

எனக்குக் கலியாணம் பேசியபோது அம்மா வளவை என் பெயருக்கு எழுதினார். அப்பா அப்போது இறந்துவிட்டிருந்தார். உறுதி எழுதப் போன இடத்தில் எங்கள் முறை வரும்வரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அம்மா எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, "கல்லு தென்னை நிக்கிற இடத்திலதான் இருந்தது," என்றார்.

என் கையிலிருந்த கடதாசிகளை மடியில் வைத்தேன்.

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எல்லாம் உனக்குத்தானே எண்டு கொப்பா சொன்னார்."

உள்ளே கூப்பிட்டார்கள். போனேன். கையெழுத்து வைத்தேன். அந்தக் கிணற்றில்தான் இன்றைக்கும் என் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அந்தத் தென்னையின் காயில்தான் கறி வைக்கிறேன். அக்கா ஏறாவூருக்குப் போகிற வழியில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். ஒருதரம் தேடிப் போனேன். கதிரை போட்டு இருத்திப் பேசினாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கியதும், "அது எங்களுக்கு அப்பவே தெரியும்," என்றாள். பெரியம்மா ஏன் வழக்காடவில்லை என்று கேட்டேன். "நீ பொய் சொன்னாய் எண்டு ஊருக்கு முன்னால சொல்ல அம்மாவுக்கு மனம் வரல்ல. பன்னிரண்டு வயசுப் புள்ள," என்றாள். அதற்குமேல் எனக்கு அங்கே இருக்க முடியவில்லை.

மதில் கட்டி முடிந்த பிறகு வந்த முதல் தைப்பொங்கல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா வெளியே போன நேரம் பார்த்து, அம்மா ஒரு பித்தளைக் கிண்ணம் நிறைய, அன்று பொங்கிய சர்க்கரைப் புக்கை போட்டு, பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வா என்றார். பொத்தல் இல்லாததால் வீதியால் சுற்றிப் போனேன். பெரியம்மா வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்கினார். "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். உள்ளே போனார். அக்கா காலையில் சுமந்து வைத்த வாளியிலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்து, கவனமாகப் போ என்றார்.

பலகாரம் வந்த பாத்திரத்தை எங்கள் பக்கத்தில் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு பிடி சீனியோ ஒரு தேசிக்காயோ போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் திரும்பி வந்தால், இனி இந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரியாது. பெரியம்மாவுக்குக் கோபம் போய்விட்டது என்ற சந்தோசத்தில் ஓடிவந்தேன்.

அம்மா கிண்ணத்தை வாங்கி உள்ளே பார்த்தார். திருப்பி ஒருதரம் பார்த்தார். எங்காவது புக்கை ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறார் என நினைத்தேன்.

"பாருங்கம்மா," என்றேன், "பெரியம்மா எவ்வளவு வடிவாக் கழுவித் தந்திருக்கா."